செஞ்சி ரோட்டில் ‘தும்... தும்...’

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற ரோடு, செஞ்சியைத் தாண்டியதும் கோட்டைக்குள்ளேயே நுழைந்து வெளியே வரும். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் ராஜகிரி. யாரோ லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி மலைகள். ராஜகிரியின் உயரம் மட்டும் சுமார் 800 அடி. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்துக்கொண்டு, 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் படையை வெளியே காக்க வைத்த கோட்டை. 1714-ல் தேசிங்கு ராஜா சண்டையில் செத்தும், கதைப்பாட்டில் இன்னும் குதிரையேறி வருகிற கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து இடம்பிடித்தது இது ஒன்றுதான்.

இந்த ரோட்டுக்கு மாதத்தில் இரண்டு ராத்திரி தூக்கம் கிடையாது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல். வேனும் காரும் வரிசை கட்டும். அதில் சில வண்டிகள், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வயிற்றுக்குத் தெரிந்துவிடும். ‘தும்... தும்...’ பாட்டு கேட்காது. வார்த்தை கேட்காது. அம்மன் பாட்டா, குத்துப் பாட்டா என்பதுகூடப் புரியாது. டீக்கடையில் அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடி டம்ளர்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுக்கும். வண்டி கடந்துபோன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டுக்குள் நிற்கும்.

அந்த வண்டியின் டிக்கியைத் திறந்தால் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் சப்-வூஃபர். பக்கத்தில் தகடு மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபயர். அந்த ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகுகிற மாதிரி சில குமிழ்கள். ஒன்றின் பெயர் கெயின். இன்னொன்று ஈக்வலைசர், அல்லது அதன் தம்பியான பாஸ் பூஸ்ட். டீக்கடை டம்ளர் நடுங்குவதற்கும், ஒரே வருடத்தில் ஸ்பீக்கர் கருகுவதற்கும், பக்கத்து வீட்டுப் பாட்டி தூக்கம் கெட்டு சாபம் விடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு குமிழ்கள்தான். இவை எப்படி வந்தன, எதற்காக வந்தன என்ற கதை சுவாரஸ்யமானது. அந்தக் கதை தெரிந்தால், அவற்றை எப்படித் திருக வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

கரண்ட் வருவதற்கு முந்தைய காலத்திலிருந்து ஆரம்பிப்போம்.

செஞ்சிச் சீமை தெருக்கூத்துச் சீமை. திரௌபதி அம்மன் வழிபாட்டை ஆராய வந்த அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டெபெய்ட்டல், 1988-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று போட்டார். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில்தான் அந்த வழிபாட்டுக்கே மூலம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பாரதம் படித்து, ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். மைக் கிடையாது. ஆனாலும் கூட்டத்தின் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறவருக்கும் துச்சாதனன் சிரிப்பது கேட்கும்.

எப்படி? கூத்தில் முகவீணை என்று ஒரு கருவி உண்டு. நாதஸ்வரத்துக்குக் குட்டித் தம்பி. கையடக்கம். ஊதினால் கீச்சென்று காதைத் துளைக்கும். நடிகர்களும் உச்சஸ்தாயியில்தான் பாடுவார்கள். அந்தக் காலத்து மேடை நாடகத்திலும் இதே கதைதான். எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் உச்சத்தில் நின்று பாடியதற்குக் குரல் வளம் ஒரு காரணம் என்றால், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். மனிதக் காது எல்லா ஓசையையும் சமமாகக் கேட்பதில்லை. விநாடிக்கு 2000 முதல் 5000 தடவை அதிரும் ஓசையை அது மிக எளிதாகப் பிடித்துக்கொள்ளும். 50 தடவை அதிரும் ஓசையைப் பிடிக்க அதற்குப் பெரிய சக்தி வேண்டும். (இந்த ‘விநாடிக்கு இத்தனை தடவை’ என்பதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறோம்.) கூத்துக்காரர்கள் இதைப் பரிசோதனைச் சாலையில் கற்கவில்லை. ராத்திரி ராத்திரியாகத் திறந்தவெளியில் நின்று கற்றார்கள்.

அடிஸ்தாயியும் அவர்களுக்குத் தெரியும். மிருதங்கத்தின் இடது பக்கத்தில், கச்சேரி தொடங்குவதற்கு முன்பு, ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலின் எடை கூடும், ஓசை கனமாக இறங்கும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் வழித்தெடுப்பார்கள். பறை அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். தோல் இறுகும், ஓசை எகிறும். நெருப்பும் ரவையும்தான் அவர்கள் கையிலிருந்த ஈக்வலைசர்!

பெரிய ஓசை அதிகாரத்தின் கையில் இருந்தது. சங்க காலத்து அரசனுக்கு முரசு வெறும் வாத்தியம் அல்ல. வீரமுரசு, நியாயமுரசு, தியாகமுரசு என்று மூன்று வகை சொல்வார்கள். அதற்குக் காவல் உண்டு, நீராட்டு உண்டு, படுக்கத் தனியாகக் கட்டிலே உண்டு. எதிரியின் முரசைக் கைப்பற்றினால் அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். செஞ்சியை முற்றுகையிட்ட முகலாயர்களிடமும் இதே கணக்குதான். நகரா என்கிற பெருமுரசை யார் வேண்டுமானாலும் அடித்துவிட முடியாது. பாதுஷா பார்த்து, அந்தஸ்து உள்ள பிரபுக்களுக்குக் கொடுக்கிற உரிமை அது. பாதுஷா இருக்கிற இடத்தில் அவர்களும் அடிக்கக் கூடாது. சத்தம் என்பது பதவி. பதவி இல்லாதவனுக்குச் சத்தம் இல்லை.

இந்தக் கணக்கை உடைத்தது ஒரு கண்ணாடி பல்பு.

1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட், ஆடியான் என்ற வால்வைச் செய்தார். பலவீனமான ஒரு மின் அலையை உள்ளே கொடுத்தால், அதே வடிவத்தில் பலமான அலையாக வெளியே வரும் என்பது சில வருடங்கள் கழித்துத்தான் தெளிவாகப் புரிந்தது. டெலிபோன் கம்பெனி உடனே பிடித்துக்கொண்டது. 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பேச்சு போனது, வழிநெடுக இருந்த வால்வுகளின் தயவால். உள்ளே போனதைப்போல வெளியே வந்தது எத்தனை மடங்கு? அந்த மடங்குக்குத்தான் கெயின் என்று பெயர். காமர்ஸ் படித்தவனுக்கு கெயின் என்றால் லாபம்தான் ஞாபகம் வரும். இங்கேயும் அது வரவுக் கணக்குதான். பற்றுக் கணக்கு ஒன்று பின்னால் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அதே 1915-ல் கலிஃபோர்னியாவின் நாப்பா ஊரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர், காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருளை ஆட வைத்து, அதன்மேல் கிராமபோன் புனலைப் பொருத்தினார்கள். ஊரே கேட்கிற மாதிரி சத்தம் வந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகரமன்றத்தின் முன்னால் கூடிய கூட்டத்துக்கு அதில் பாட்டும் பேச்சும் ஒலித்தன. மேக்னவாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ‘பெருங்குரல்’. 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியாகோ ஸ்டேடியத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று சுமார் 50,000 பேரிடம் அதன் வழியாகப் பேசினார்.

நம் ஊருக்கு அது வந்தது சுதந்திரப் போராட்டத்தோடு. 1909-ல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சுக்கூரில் கடை தொடங்கிய மோட்வானி குடும்பத்தார், ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயரில் காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். காந்தியும் நேருவும் பேசுகிற பழைய போட்டோக்களில் மைக்கின் கழுத்தில் அந்தப் பெயர்ப் பலகை தொங்குவதை இன்றும் பார்க்கலாம். 1940-ல் டெல்லியில் அகூஜா தொடங்கியது. அகூஜா ஆம்ப்ளிஃபயரைத் தொடாத மைக்செட்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. திராவிட இயக்கத்துப் பேச்சாளர்கள் அடுக்குமொழியில் ஏற்றி இறக்கிப் பேசி ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தார்கள் என்றால், பந்தல்காலில் கட்டிய அந்தக் குழாய்க்கும் அதில் பங்கு உண்டு. பதவி இல்லாதவனுக்கும் முதல் தடவையாகப் பெரிய குரல் கிடைத்தது. இது சின்ன விஷயம் இல்லை.

பிறகு காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடிக் கூழ், மார்கழித் திருப்பாவை என்று ஒவ்வொன்றுக்கும் குழாய் ஏறியது. ‘ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ...’ என்றதும் ‘கூ...’ என்று ஒரு ஊளை வரும், ஞாபகம் இருக்கிறதா? குழாயிலிருந்து வந்த சத்தம் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி குழாய் வழியாக வந்து, மறுபடி மைக்குக்குள் புகுந்து... வட்டிக்கு வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போவதால் வருகிற ஊளை அது. வெளியே போனது உள்ளே திரும்பி வந்து கூடுவதை ஃபீட்பேக் என்பார்கள்.

இந்த ஃபீட்பேக்கைத் தலைகீழாகத் திருப்பிய ஒருவரின் கதைதான் கெயின் குமிழின் வரலாற்றில் முக்கியமான திருப்பம்.

அவர் பெயர் ஹரால்ட் பிளாக். டெலிபோன் கம்பெனி இன்ஜினீயர். வயது 29. அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைவலி இதுதான்: நீளமான டெலிபோன் லைனில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின் ஆம்ப்ளிஃபயர் என்று வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றும் கொஞ்சம் பிசிறைச் சேர்க்கும். கடைசியில் பேச்சைவிடப் பிசிறு அதிகமாகிவிடும். 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி காலை, ஆபீஸுக்குப் போகப் படகில் ஹட்சன் நதியைக் கடந்துகொண்டிருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் பேப்பரிலேயே படம் வரைந்தார். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து, திசை மாற்றி, உள்ளே திருப்பிக் கொடு. சத்தம் குறையும். ஆனால் பிசிறும் அதே விகிதத்தில் குறையும்!

அதாவது, கிடைத்த கெயினில் பெரும்பகுதியைத் தியாகம் செய். பதிலாகத் தெளிவை வாங்கிக்கொள். கஷ்டப்பட்டுப் பெருக்கியதை வேண்டுமென்றே விட்டுக் கொடுப்பதா? பேட்டன்ட் ஆபீஸில் இதை நம்பவே இல்லை. எரிபொருள் இல்லாமல் ஓடுகிற இயந்திரம் என்று யாராவது விண்ணப்பித்தால் எப்படி நடத்துவார்களோ அப்படி நடத்தினார்கள் என்று பிளாக்கே பிற்காலத்தில் நொந்துகொண்டார். பேட்டன்ட் கையில் வர ஒன்பது வருடமானது. பிற்பாடு வந்த ஸ்டீரியோக்கள், கார் டிக்கியில் இருக்கிற தகடு என ஏறக்குறைய எல்லாவற்றுக்குள்ளும் அந்தப் படகில் வரைந்த தத்துவம் ஓடுகிறது.

அடுத்து ஈக்வலைசர். இதுவும் டெலிபோன் குடும்பத்துப் பிள்ளைதான். நீளமான கம்பியில் பேச்சு போகும்போது கீச்சு ஓசைகள் வழியிலேயே தேய்ந்துவிடும். தேய்ந்ததைத் தூக்கி எல்லாவற்றையும் சமமாக்குகிற சர்க்யூட்டுக்கு ‘சமமாக்கி’ என்று பெயர் வந்தது. ஈக்வலைசர் என்றால் அதுதான். 1930-களில் ஜான் வோல்க்மன் என்பவர், சினிமா தியேட்டர்களின் எதிரொலிக் கோளாறுகளைச் சரிக்கட்டத் திருகி மாற்றக்கூடிய ஈக்வலைசரைப் பயன்படுத்தினார். கவனியுங்கள், அது பிறந்தது ருசிக்கு அல்ல. குறையை ஈடுகட்டுவதற்கு.

1933-ல் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் இருவரும் காதின் ஓரவஞ்சனையை வரைபடமாகப் போட்டார்கள். நம் கூத்துக்காரர்கள் அனுபவத்தில் கண்டதுதான். மெல்லிய சத்தத்தில் அடிஸ்தாயி காதுக்கு எட்டாது. சத்தம் கூடக் கூடத்தான் அது தலைகாட்டும். பாட்டை மெதுவாக வைத்தால் ‘சப்’பென்று இருக்கிறதே, பாஸைக் கூட்டு என்று கை பரபரப்பதற்கு இதுதான் காரணம். இந்த வரைபடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது போலீஸ்காரர் கையில் வந்து நிற்கப்போகிறது.

அடிஸ்தாயிக்கென்றே தனிப் பெட்டி என்ற எண்ணத்தை ஜனங்களிடம் கொண்டுபோனது சினிமா. 1974-ல் வந்த ‘எர்த்குவேக்’ படத்துக்காக சென்சரவுண்ட் என்ற ஏற்பாடு செய்தார்கள். ராட்சதப் பெட்டிகளைத் தியேட்டரில் வைத்து, பூகம்பக் காட்சியில் நாற்காலியோடு ஆட்டினார்கள். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில், கூரைப் பூச்சு ரசிகர்கள் தலையில் உதிர்ந்துவிடாமல் இருக்க வலை கட்ட வேண்டியதாயிற்று. 1980-களில் மயாமி இளைஞர்கள் இந்தப் பூகம்பத்தைக் கார் டிக்கிக்குள் கொண்டுவந்தார்கள். 1991-ல் நம் பொருளாதாரக் கதவு திறந்தது. 1992-ல் ‘ரோஜா’ வந்து தமிழ்ப் பாட்டின் அடிஸ்தாயிக்கே புது ருசி காட்டியது. காரும் பெருகியது. ‘தும்... தும்...’ நம் ஊர் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது டிக்கிக்குப் போவோம்.

‘‘அண்ணே, இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணே!’’

‘‘ஏத்துனா கிழியும் தம்பி.’’

கார் செட் மாட்டுகிற எந்தக் கடையிலும் கேட்கிற வசனம். தம்பி ஏற்றச் சொல்வது கெயினை. அவர் அதை வால்யூம் என்று நினைக்கிறார். ஆனால் குமிழுக்குப் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். பல ஆம்ப்ளிஃபயர்களில் 6 வோல்ட் என்று தொடங்கி, திருகத் திருக 0.2 வோல்ட்டில் போய் முடியும். ஏற்ற ஏற்ற எண் குறைகிறதே, ஏன்? ஏனென்றால் அது சத்தத்தின் அளவே இல்லை. ‘டேஷ்போர்டில் இருக்கிற செட் எனக்கு எவ்வளவு வோல்ட் அனுப்பும்?’ என்று ஆம்ப்ளிஃபயர் கேட்கிற கேள்வி அது. 4 வோல்ட் அனுப்புகிற செட்டை மாட்டிவிட்டு, 0.2 என்று பொய் சொன்னால் என்ன ஆகும்? சம்பளம் 20 மடங்கு தெரியாமல் கூடிவிட்ட மாதிரி ஆம்ப்ளிஃபயர் தலைகால் புரியாமல் ஆடும். கல்யாணத்துக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கிறோமே, கெயின் என்பது செட்டுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பார்க்கிற பொருத்தம்.

பொருத்தம் பார்க்கிற முறை சுலபம். செட்டில் பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வையுங்கள். பாஸ் பூஸ்ட் பூஜ்யம். ஆம்ப்ளிஃபயரில் கெயினை அடியோடு இறக்குங்கள். சப்-வூஃபருக்குப் போகிற ஓசையின் எல்லையை 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலே உள்ளதைக் கதவு ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். நன்றாகத் தெரிந்த, சுத்தமாகப் பதிவான ஒரு பாட்டைப் போட்டு, செட்டின் வால்யூமை முக்கால் பங்கு ஏற்றுங்கள். இப்போது கெயினை மெதுவாகத் திருகுங்கள். தபேலாவின் ‘கும்’ உருண்டையாக இருக்கிறதா? சரி. அது ‘பட்’டென்று உடைகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, கொஞ்சம் பின்னால் வாருங்கள். முடிந்தது. இனிமேல் அந்தக் குமிழைத் தொடாதீர்கள். சத்தம் வேண்டுமானால் செட்டில் வால்யூம் இருக்கிறது.

காதை நம்பாதவர்களுக்கு மல்டிமீட்டர். சப்-வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, அதே ஏற்பாட்டில் 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட விட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் வாட்டை ஸ்பீக்கரின் ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300 வாட், 4 ஓம் என்றால் 1200. அதன் வர்க்கமூலம் சுமார் 34.6. மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, 34.6 வருகிற வரை கெயினை ஏற்றி நிறுத்திவிடலாம். பெட்டி மேல் அச்சிட்ட வாட் நிஜமானதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பல பெட்டிகளில் அது கட்சிக் கூட்டத்துக்கு வந்த தலைகள் மாதிரி, சொன்னபடிதான். அதனால் மீட்டர் பார்த்த பிறகும் ஒருமுறை காதால் கேட்டுவிடுவது நல்லது.

‘கிழிகிறது’ என்றால் என்ன? ஆம்ப்ளிஃபயரால் கொடுக்க முடிந்த உச்சத்துக்கு மேல் கேட்டால், அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். உருண்டையான மலை, பீடபூமி ஆகிவிடும். அந்தத் தட்டை அலை உருண்டை அலையைவிட இரண்டு மடங்கு வரை சக்தியை ஸ்பீக்கருக்குள் தள்ளும். ஆனால் சப்-வூஃபருக்குள் போகிற சக்தியில் 100-க்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான் ஓசையாகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதுதான் கம்பிச் சுருளைக் கருக்குகிறது. நான் சொன்ன பற்றுக் கணக்கு இதுதான்.

பாஸ் பூஸ்ட், அதைவிடப் பெரிய கடன். ஓசையை 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். 6 என்றால் 4 மடங்கு. 12 என்றால் 16 மடங்கு. 100 வாட் போதும் என்ற இடத்தில் 1600 வாட்! பேட்டரியும் ஆல்டர்நேட்டரும் இந்த ஓவர் டிராஃப்ட்டை எங்கிருந்து கட்டும்? முன்விளக்குகள் மங்கி மங்கி எரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் பேங்க்கிலிருந்து வருகிற நோட்டீஸ். இத்தனைக்கும் காருக்குள் அந்தக் கடன் தேவையே இல்லை. 40 ஹெர்ட்ஸ் ஓசையின் அலை நீளம் சுமார் எட்டரை மீட்டர். காரைவிட நீளம். மூடிய காருக்குள் அடிஸ்தாயி தானாகவே அழுந்திப் பெருகும். ஈக்வலைசரில் தூக்குவதைவிட, எந்த ஓசை மட்டும் ‘மொங்’கென்று துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதை இறக்குவதுதான் நல்லது. மிருதங்கக்காரர் ரவையை வழித்தெடுக்கிற மாதிரி.

காரோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதை எழுதவே வேண்டாம். கீச்சு ஓசையைக் கதவுத் தகரமும் கண்ணாடியும் தடுத்துவிடும். நீள நீளமான அடிஸ்தாயி அலைகளைத் தடுக்க செஞ்சிக் கோட்டைச் சுவர் அளவுக்குக் கனம் வேண்டும். அதனால்தான் வெளியே நிற்கிறவருக்குப் பாட்டு வராமல் ‘தும்... தும்...’ மட்டும் வருகிறது.

சத்தம் யாரை என்ன செய்யும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டாள். உதவி கேட்டு அவள் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெண் தீக்குளித்து இறந்துபோனாள். 1998 ஜனவரியில் பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியைப் பார்த்து அனில் மிட்டல் என்ற இன்ஜினீயர் வழக்குப் போட்டார். அந்த வழக்கின் தீர்ப்பு 2005 ஜூலை 18 அன்று வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பதை நாடு முழுக்கக் கண்டிப்பாக்கியது அந்தத் தீர்ப்புதான்.

அதற்கு முன்பே, 2000-ல், நம் சென்னையிலிருந்து ஒரு வழக்கு அதே நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. குடியிருப்புப் பகுதியில் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கிகளைப் பற்றிய வழக்கு. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்திக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றார்கள் நீதிபதிகள். எல்லா மதத்துக்கும் பொருந்துகிற வார்த்தை. அதே வருடம் ஒலி மாசு விதிகளும் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45.

சரிதானே, போலீஸ்காரர் மீட்டரோடு வந்தால் ‘தும் தும்’ அடங்கிவிடும் அல்லவா? இங்கேதான் ஃபிளெட்சர், மன்சன் வரைபடம் திரும்ப வருகிறது. மனிதக் காது எப்படிக் கேட்கிறதோ அப்படியே மீட்டரும் கேட்கட்டும் என்று, அந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு கழித்தல் கணக்கை மீட்டருக்குள் வைத்தார்கள். மெல்லிய ஓசைக்கான கணக்கு அது. ‘ஏ’ அளவீடு என்று பெயர். நம் விதிகள் சொல்கிற டெசிபல் இந்த ‘ஏ’ டெசிபல்தான். அதன்படி 50 ஹெர்ட்ஸ் ஓசையில் சுமார் 30 டெசிபலை மீட்டர் கழித்துவிடும். நிஜத்தில் 85 இருக்கிற அடிஸ்தாயியை 55 என்று காட்டும். பகல் கணக்குக்குச் சட்டப்படி சரி! அலமாரியில் பாத்திரம் ஆடும், படுத்திருக்கிற நோயாளிக்கு நெஞ்சு படபடக்கும், மீட்டர் மட்டும் ‘ஒன்றுமில்லை’ என்று சாதிக்கும். கூத்துக் காலத்துக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய கருவி, சப்-வூஃபர் காலத்துக்குக் காது மந்தம்.

வண்டிக்குள்ளே இருக்கிறவர்களுக்கும் இதில் லாபமில்லை. 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழில் சுகாதார வல்லுநர்கள் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். திண்டிவனத்திலிருந்து செஞ்சிகூட வந்து சேராது. காதுக்குள் இருக்கிற நுண்ணிய முடி செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. கருகிய ஸ்பீக்கரை மாற்றலாம். இதை மாற்ற முடியாது.

ஆகவே சட்டத்தையும் மீட்டரையும் நம்பிப் புண்ணியமில்லை. குமிழைத் திருகுகிற கையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. முன்பு பாதுஷா கொடுத்த நகரா உரிமை இன்று ஒவ்வொரு டிக்கியிலும் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் 2000 வருடப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு.

மோசிகீரனார் என்ற புலவர், நடந்து வந்த களைப்பில், சேரன் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் காலியாக இருந்த ஒரு கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அது முரசு கட்டில். முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்தார்கள். அதில் படுத்தவனைக் கொல்வதுதான் வழக்கம். உள்ளே வந்த அரசன் பார்த்தான். வாளை எடுக்கவில்லை. நாட்டிலேயே மிகப் பெரிய சத்தத்துக்குச் சொந்தக்காரன், ஒரு விசிறியை எடுத்து, புலவர் எழுந்திருக்கிற வரைக்கும் வீசிக்கொண்டு நின்றான். கண்விழித்த புலவர் இதைப் பாட்டாகவே பாடிவைத்தார். புறநானூற்றில் 50-வது பாட்டு.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறீர்களா? செஞ்சி ஊருக்குள் நுழையும்போது மணி 10-ஐத் தாண்டியிருக்கும். வால்யூம் செட்டிலேயே இருக்கிறது, டிக்கியைத் திறக்க வேண்டியதில்லை. கொஞ்சம் இறக்கிவிட்டுப் போங்கள். ஜனங்கள் தூங்குகிறார்கள்.